கப்புக்குப் பக்கத்தில் ஒரு தண்ணி பாட்டில்

இன்னும் கொஞ்ச நேரத்துல பரிசு கொடுக்க ஆரம்பிச்சிருவாங்க. அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... பரிசு வாங்கப் போற பிள்ளைங்க கேளுங்க. வாங்காத பிள்ளைங்க இன்னும் நல்லாக் கேளுங்க.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்க விளையாட்டு டீச்சர் பேரு எஸ்தர். காலைப் பிரேயர்ல மைக் அவங்க கையிலதான். மேடையில ஒரு மேசை. யாராவது கப் வாங்கியிருந்தா அதுமேல வச்சுப் பேரைச் சொல்லுவாங்க. எல்லாரும் கைதட்டுவாங்க. அப்புறம் அன்றாட அறிவிப்பு... பஸ் பாஸுக்கு போட்டோ கொண்டு வாங்க, குடிதண்ணிக் குழாயில சோத்துத் தட்டைக் கழுவாதீங்க. கடைசியா, யாராவது தொலைச்சு, யாரோ கண்டெடுத்த சாமான். அதுவும் அதே மேசையிலதான் இருக்கும்.

ஒருநாள் எஸ்தர் டீச்சர் ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டுனாங்க. "இது யாரோடது?"

சொந்தக்காரி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு வரிசை முழுக்கச் சத்தம். "டீச்சர், அது ஷகிலாவோடது டீச்சர். மூடி நிக்காதுன்னு ரப்பர் பேண்ட் போட்டிருப்பா." பின்னால ஒருத்தி, "ஏட்டி, போய் வாங்கு"ன்னு முதுகுல கைவச்சுத் தள்ளுறா. ஷகிலா தலையைக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டே போறா.

இதைப் பார்த்துக்கிட்டே ஒருத்தி நிக்கிறா. பேரு சுடர்க்கொடி. பதினொண்ணாங் கிளாஸ்ல புதுசா வந்து சேர்ந்தவ. பேச்சுப் போட்டியா, கட்டுரையா, கணக்கா... எதுலயும் அவதான் முதல். அந்தப் பள்ளிக்கூடத்துல அவ பேரைத் தெரியாத ஆளே கிடையாது. டீச்சர்மார் அவளை முதல் பெஞ்சுல தனியா உக்கார வச்சிருக்காங்க. "யாரும் அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க." மத்தியானம் மத்தவங்க வட்டமா உக்காந்து சாப்பிடறப்போ, இவ லைப்ரரியில பேச்சுக்குக் குறிப்பு எடுக்கணும். எல்லாம் அவ நல்லதுக்குத்தான்... இல்லையா?

ஒருநாள் அவ தண்ணி பாட்டிலை மைதானத்துல மறந்து வச்சிட்டா. மறுநாள் அது மேசைமேல. "இது யாரோடது?" சுடர்க்கொடி நடக்கறதுக்குக் காலைத் தூக்கிட்டா... அப்படியே நின்னுட்டா. யாராவது சொல்றாங்களா பார்ப்போம்.

சத்தமே இல்லை.

அடுத்த நாளும் காட்டுனாங்க. அதுக்கடுத்த நாளும். அத்தனை பேருக்கு நடுவுல நின்னுக்கிட்டு அவ தன் பாட்டிலைப் பார்த்துக்கிட்டே இருக்கா. தாகம் எடுத்தா குழாய்ல கையைக் குவிச்சுக் குடிச்சா. வீட்டுல அம்மா, "பாட்டில் எங்கட்டி?"ன்னு கேட்டா, "ஸ்கூல்ல இருக்கும்மா." அது பொய் இல்லையே...

எஸ்தர் டீச்சருக்குச் சலிச்சுப் போச்சு. "நாளைக்கு ஒருநாள்தான் பார்ப்பேன். யாரும் வரலைன்னா ஆயாம்மா பினாயில் ஊத்தி வைக்க எடுத்துக்கிடட்டும்."

மறுநாள் பிரேயர்ல மேசையில ரெண்டு சாமான் இருந்துச்சு. ஒண்ணு, சுடர்க்கொடி மாநில அளவுல வாங்குன பெரிய கப். பக்கத்துல அந்த பாட்டில். மைக்ல அவ பேரு. இடி மாதிரி கைதட்டல். மேடையேறி, கப்பை வாங்கி, "தேங்க்யூ டீச்சர்"னு சொல்லி, பாட்டிலைத் தொடாமலே திரும்பறா. படியில காலை வைக்கிறப்போ பின்னால எஸ்தர் டீச்சர் கேக்கறாங்க, "கடைசியாக் கேக்கேன். இது யாரோடது?"

இசக்கியம்மாள்னு ஒருத்தி. சுடர்க்கொடிக்குப் பின் பெஞ்சு. ஊர் பஸ் என்னைக்குமே லேட்டு, அதனால இவ பிரேயருக்கே வரமாட்டா, கேட்டுக்கு வெளியிலதான் நிப்பா. அன்னைக்கு என்னமோ பஸ் நேரத்துக்கு வந்துட்டு. வரிசையில இருந்து எட்டிப் பார்த்தா.

"டீச்சர், அது சுடர்க்கொடி பாட்டில்லா. கணக்கு வரலைன்னா மூடியப் போட்டுக் கடிப்பா. அணில் கொறிச்ச கொய்யாக்கா மாதிரி இருக்கும், பாருங்க."

டீச்சர் மூடியைத் திருப்பிப் பார்த்தாங்க. சுத்தி வரப் பல்லுத் தடம். மைதானமே சிரிச்சுது. படியில கப்போட நின்ன சுடர்க்கொடியும் சிரிச்சா... சிரிச்சுக்கிட்டே இருந்தவ, கப்பைக் கீழ வச்சிட்டு முகத்தை மூடிக்கிட்டா.

டீச்சர் பாட்டிலை இசக்கி கையில கொடுத்து, "நீயே கொடு"ன்னாங்க. இசக்கி கிட்ட வந்து மெதுவாக் கேட்டா. "ஏட்டி, ஒன் பாட்டில் ஒனக்கே தெரியலியா?"

"யாருக்காவது தெரியுமான்னு பார்த்தேன்."

இசக்கி பாட்டிலை அவ கையில வச்சா. "எனக்கு நீ வந்த அன்னைக்கே தெரியும். ஒன்ன டிஸ்டர்ப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்லா... அதான் பேசல."

பக்கத்துல நின்ன எஸ்தர் டீச்சர் காதுல இது விழுந்துச்சு. அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் இதை அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். கைதட்டல் எவ்வளவு தூரத்துல இருந்தும் வரும். முகம் தெரியாதவங்ககூடத் தட்டலாம். ஆனா கிண்டல்? பக்கத்துல இருக்கறவங்களாலதானே கிண்டல் பண்ண முடியும். அந்தப் பிள்ளைக்குக் கைதட்டல் குறைவில்லை. "அணில் கொறிச்ச மாதிரி"ன்னு சொல்லத்தான் ஆளில்லை. அந்த ஆளும் ஒரு பெஞ்சு தள்ளித்தான் உக்காந்திருந்தா. அவளைப் பேச விடாம நிறுத்தி வச்சது யாரு? நல்லது செய்யறதா நினைச்ச பெரியவங்க நாமதான்.

இப்போ ஒவ்வொருத்தரா மேடைக்கு வருவாங்க. நல்லாக் கைதட்டுங்க. ஆனா தட்டி முடிச்ச உடனே அடுத்த பேருக்குத் திரும்பிராதீங்க... கப்போட படியிறங்குற பிள்ளை எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம ஒரு நிமிஷம் நிக்குதா, பாருங்க.

நின்னா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. இடம் விடுங்க.