திருகின் மேல் இருந்த சிவப்பு

வால்வு ஆம்ப் சூடாக நேரம் பிடிக்கும், சார். போட்டவுடன் மீட்டரை வைத்துப் பார்க்கிறவன் அவசரக்குடுக்கை. நான் இருபது நிமிடம் காத்திருப்பேன். எனக்குப் பொறுமை அதிகம் என்று என் தம்பியே சொல்வான்.

கிதார் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை எங்கள் இருவருடையது. யாரும் வாசிக்காமல் ஆம்ப் சும்மா இருக்கும்போதும் பவர் வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் கரண்ட் ஓட வேண்டும். அது குறைந்தால் ஓசை வறண்டுவிடும், கூடினால் வால்வு வெந்துவிடும். அந்த அளவை வைப்பதற்குப் பெயர்தான் பயாஸ். உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும். மீட்டரைப் பார்த்து அதைத் திருப்பி, அசையாமல் இருக்க மேலே ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பேன். பதினொரு வருடமாக, கிதார் வாசிக்கிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் தேடி வந்தார்கள். "உங்க கை பட்டா அந்த டோனே தனிண்ணே" என்பார்கள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத எனக்கு அந்தப் பேச்சுதான் சொத்து.

போன மாதம் ஒரு ஆம்ப் வால்வு மாற்றுவதற்காகத் திரும்பி வந்தது. திருகின் மேல் இருந்த சிவப்பு என் சிவப்பு இல்லை. லேசாக மினுமினுத்தது. அந்த மினுமினுப்பைத் தம்பி மனைவியின் நகத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்து வந்த நான்கு ஆம்புகளிலும் அதேதான்.

தம்பியிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"நீ வச்சது தப்புன்னு இல்லண்ணே. மீட்டருக்குச் சரியாத்தான் இருக்கும், காதுக்குத்தான் கொஞ்சம் இடிக்கும். நீ சாப்பிடப் போறப்ப லேசா திருப்பி, உன் பூச்சையே மேல வச்சிருவேன். கொஞ்ச நாளாத்தான் அவளோடத எடுத்தேன். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லல."

"எத்தன நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. சரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆம்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் கரண்ட் தேங்கி நிற்கும், சார். ஆளைக் கொல்லும் அளவுக்கு நிற்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இறக்குவது என் வேலை, ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவன் வேலை. "ஆச்சாண்ணே?" என்பான். "ஆச்சு" என்பேன். உடனே இரண்டு கையையும் உள்ளே விடுவான்.

மறுநாள் காலை பெஞ்சில் பெரிய ஆம்ப் ஒன்று இருந்தது. அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அவன் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டான். நான் எதையும் இறக்கவில்லை. "ஆச்சு" என்றேன்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். அதற்குப் பிறகு நான் பயாஸ் வைத்த ஆம்ப் எல்லாம் திரும்பி வருகிறது. "முன்ன மாதிரி இல்லியேண்ணே" என்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் ஆம்பை அணைத்ததும் பெஞ்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆச்சாண்ணே?" என்று கேட்கிறது. ஒன்றுக்கு மூன்று முறை இறக்கிப் பார்த்துவிட்டேன். கேள்வி நிற்கவில்லை. பயமாக இருக்கிறது, சார். அதனால்தான் நானே வந்தேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். பதினொரு வருடம் என் வேலையை ஒன்றுவிடாமல் சோதித்தவன், என் வார்த்தையையும் ஒரே ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கலாம்.