ஓய்வு என்று காட்டிய திரை

சின்னத் திரைகளில் தமிழ் எழுத்தை ஒழுங்காக வரவழைப்பது சுலபமான காரியம் இல்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை முடிந்த குடும்பம் மாதிரி நிற்கும். சார்ஜன் ஷாமினி, இந்தப் போலீஸ் நிலையத்தில் நீங்கள்தான் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று சொன்னார்கள். அதனால்தான் உங்களிடம் பேசச் சம்மதித்தேன். என் விஷயம் ஒரு தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. தமிழ் தெரியாதவரிடம் அதைச் சொல்லி நியாயம் கேட்க முடியாது.

என் பெயர் குலசேகரம். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சிரம்பானுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் குடியிருப்பில் என் வீடு. பின்வேலிக்கு அப்பால் இன்னும் செம்பனை நிற்கிறது. என் மனைவி தங்கேஸ்வரி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மிஞ்சியவள் நிரோஷா, என் ஒரே மகள். கண்ணை இமை காப்பதுபோல வளர்த்தேன் என்று எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். நான் உண்மையிலேயே அப்படித்தான் வளர்த்தேன்.

அவள் புவனேஸ்வரனைக் கட்டிக்கொண்டபோது நான் மறுக்கவில்லை. என் அப்பா இதே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. புவனேஸ்வரனின் தாத்தா இதே தோட்டத்தில் லாரி ஓட்டியவர். எங்கள் யாழ்ப்பாணத்து உறவுக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களிடம் நான் பேச்சையே நிறுத்திக்கொண்டேன். அவன் நல்ல பையன். மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். எல்லாவற்றையும்விட, என் வீட்டிலேயே வந்து தங்கச் சம்மதித்தான். அந்த ஒன்றுக்காகவே அவனை எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் மின்சாரக் கார் வாங்கியபோது சார்ஜர் பெட்டியைப் போர்ச்சுச் சுவரில் மாட்டினார்கள். அதில் மூன்று விளக்குகள் இருந்தன. பச்சை எரிந்தால் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கிறது, நீலம் எரிந்தால் கார் சார்ஜ் ஆகிறது, சிவப்பு எரிந்தால் கோளாறு. நான்தான் புவனேஸ்வரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: "பச்சை எரிஞ்சா உள்ளுக்கு உயிர் இருக்குது தம்பி. தண்ணிக் கையோட கிட்டப் போகாதீங்க." அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

ஆயுத பூசை பற்றியும் நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சரஸ்வதி பூசைதான். புத்தகங்களை அடுக்கி, பொட்டு வைத்து, பூப்போட்டு எழுந்துவிடுவோம். அவர்கள் குடும்பத்தில் லாரிக்குத்தான் பூசை. தாத்தா லாரி, அப்பா லாரி, பேரனுக்குக் கார். கழுவிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாம்பிராணி போடாமல் விடமாட்டார்கள். போன வருடம் கார் முடிந்ததும் சார்ஜர் பெட்டியையும் குளிப்பாட்டக் கிளம்பினான். வெறுங்கால், ஈரச் சட்டை. பச்சை விளக்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடி மெயின் சுவிட்சை அடைத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தான். "மறந்தே போயிருப்பேன் மாமா, அந்தப் பச்சைதான் காப்பாத்துச்சு" என்றான். நானும் சிரித்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இந்த வருடம் நிரோஷாவுக்கு வயிற்றில் பிள்ளை உண்டானது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள்தான் சொன்னாள். புவனேஸ்வரனுக்குப் பினாங்கில் நல்ல வேலை கிடைத்திருக்கிறதாம். குழந்தை பிறந்ததும் அங்கே போய்விடுவார்களாம்.

"நீங்களும் வாங்கப்பா. ரூம்லாம் பாத்தாச்சு."

"மேல ரூம் உங்களுக்குத்தான் மாமா," என்றான் அவன். "ஜன்னலத் தொறந்தா கடல் தெரியும் லா."

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை; பயம் வந்தது. அவன் என் வீட்டில் இருந்தால் நான் வீட்டுக்காரன். நான் அவன் வீட்டுக்குப் போனால் மேல் அறையில் இருக்கும் கிழவன். என் பேரப்பிள்ளை யாரைப் பார்த்துப் பேசப் பழகும்? யார் மடியில் தூங்கும்? ஒரு மனிதன் தன் குடும்பத்தைத் தன் கூரைக்குக் கீழ் வைத்துக்கொள்ள நினைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அவளிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். "அவர் எங்கயோ நான் அங்க, அப்பா," என்றாள்.

திரை விஷயம் அதற்குப் பிறகு வந்தது, அதுவும் அவன் வாயாலேயே வந்தது. வெயிலில் விளக்கு சரியாகத் தெரியவில்லை என்று நிரோஷா குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு இருக்கும் முன்பலகையைக் கழற்றிவிட்டுப் பெரிய வண்ணத் திரை போடலாம், உலோகச் சட்டத்தோடு வருகிறது, அதில் நமக்கு வேண்டிய சொற்களை நாமே ஏற்றலாம் என்று அவன் எங்கேயோ பார்த்துவிட்டு வந்தான். "மாமா, நீங்களே மாட்டிக் குடுங்க. தமிழ்லயே போடுங்க மாமா. பெடாஸ்லேர்ந்து அம்மா வந்தா அவங்களே படிச்சுக்குவாங்க." பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள்.

நான் மாட்டினேன். சுத்தமான வேலை. எழுத்து உடையாமல் வர எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? 'சார்ஜ் ஆகிறது', 'கோளாறு' இரண்டிலும் யோசிக்க ஒன்றும் இல்லை. பச்சை விளக்குக்குப் பதிலாக என்ன சொல் போடுவது என்பதில்தான் சிந்தித்தேன். மின்சாரம் உள்ளே இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. 'தயார்' என்று போடலாம். 'காத்திருக்கிறது' என்று போடலாம். நான் 'ஓய்வு' என்று போட்டேன்.

அகராதியைப் புரட்டிப் பாருங்கள், தவறு சொல்ல முடியாது. ஓய்வு என்றால் வேலை செய்யாமல் இருப்பது. உயிர் இல்லை என்று அர்த்தம் இல்லை. நானே ஓய்வில் இருப்பவன்தான், செத்தா போய்விட்டேன்? ஆனால் லாரிக்குப் பூசை போடும் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. ஆயுத பூசை என்றால் ஆயுதங்களுக்கு ஓய்வு. அன்றைக்கு லாரி ஓடாது, கத்தி வெட்டாது, எதையும் தொட்டு வேலை வாங்கமாட்டார்கள். சாவியே சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். அவனுக்கு ஓய்வு என்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அவனுடைய தமிழுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

பூசையன்று காலையில் அவன் அம்மா வந்திருந்தார், பஞ்சாலை என்று பெயர். நிரோஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, போர்ச்சில் பேசுவதெல்லாம் கேட்டது.

"கரண்ட அடைச்சிட்டியாடா?" என்று பஞ்சாலை கேட்டார்.

"அதுவே ஓய்வு எடுக்குதும்மா. படிச்சுப் பாரு, ஓய்வுன்னு போட்டிருக்கு. மாமா மூளையே மூளை."

"அது என்னமோ, எதுக்கும் உங்க மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்க."

"மாமா பூசையில இருக்காரு லா. தொந்தரவு பண்ணாத."

நான் ஒரு புத்தகத்தின் மேல் பூ வைத்தேன். அது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தேன். வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு வாளி உருண்டது. பிறகு பஞ்சாலை கத்தினார். நான் போய் மெயின் சுவிட்சை அடைத்தேன். நிரோஷா ஓடிப்போய் அவனைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். அவளைக் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விபத்து என்றார்கள். உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். கருமாதி முடிந்தது, குழந்தை பிறந்தது. பையன். என் கூரைக்குக் கீழ் தொட்டில் ஆடியது. உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் நிம்மதியாக இருந்தன. பினாங்கு என்ற பேச்சே எழவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் நிரோஷா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு, சுவர்ச் சுவிட்சை அடைக்காமல் போவாள். நான் ஒவ்வொரு தடவையும் ஏசுவேன். அதைத்தான் நினைவில் வைத்திருந்தாள்.

"ஓஞ்சு இருக்கிறது வேற, அடைச்சு இருக்கிறது வேறன்னு சொல்லிச் சொல்லி ஏசுவீங்களேப்பா," என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"சொல் சரியான சொல்தான் பிள்ளை," என்றேன்.

அவள் அழவில்லை. பையில் துணிகளை வைத்துக்கொண்டு பெடாஸுக்குப் பஞ்சாலை வீட்டுக்குப் போனாள். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள். உங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும். சொல்லால் மட்டும் யாராவது சாவார்களா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். பூசைக்கு முந்தின நாள் அவர்கள் பூ வாங்க லோபாக் சந்தைக்குப் போயிருந்தார்கள். பெட்டியைத் திறந்து எர்த் கம்பியை விடுவித்தேன். கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்சை விழாதபடி செய்தேன். திரையின் உலோகச் சட்டத்துக்கு மின்சாரம் வரும்படி வைத்தேன். கை தவறி நடந்த வேலை இல்லை. புவனேஸ்வரனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நிரோஷா எனக்கு எதிராகச் சாட்சி சொல்வாள் என்கிறீர்கள். சொல்லட்டும். பச்சை உடம்புக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள், மனசு குழம்பித்தான் இருக்கும். பஞ்சாலையும் எத்தனை காலத்துக்கு வைத்துப் பார்ப்பார்? கோபம் ஆறியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?