முதல் தோள்

பொரியில் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டால் எனக்குப் பிடிக்காது. என் அண்ணி வடிவு அப்படித்தான் போடுவார். இருந்தாலும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய், முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு வருவேன். குடும்பம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் இல்லையா, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு நசரத்பேட்டை. பெருமாள் புறப்பாட்டில் வாகனத்தின் வலப்பக்கத் தண்டை எங்கள் குடும்பம்தான் தாங்குகிறது. முதல் தோள் மூத்தவர் எத்திராஜுக்கு. அவருக்குப் பின்னால் இரண்டாவது தோள் இளையவன் கோதண்டமாகிய எனக்கு. முதல் ஆளின் முகத்தை ஊரே பார்க்கும். நான் பார்ப்பது அண்ணன் பிடரியை. அதில் ஒரு மச்சம் இருக்கிறது. கேட்டால் இப்போதே வரைந்து காட்டுவேன்.

எனக்குப் பொறாமை கிடையாது. ஒரே ஒரு வருஷம் நான் முன்னால் நிற்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன், அவ்வளவுதான்.

"நான் கீற வரைக்கும் நானு. அப்பால நீதாண்டா. இன்னா அவசரம் உனுக்கு?" என்று அண்ணன் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. அப்படியும் நான் அவரைக் கொல்லவில்லை. என் பாசத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

போன வருஷம் பூந்தமல்லியில் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களா சாமான்களை ஏலம் விட்டார். பழைய தேக்குப் பெட்டி ஒன்றை எடுத்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் வெளியே இருக்கிற ஆழம் உள்ளே இல்லை. அடிப்பலகையை நெம்பினேன். மெழுகுத் துணிக்குள் இரண்டு கைத்துப்பாக்கிகள், நம் பாட்டன் காலத்துக்கும் முந்தியவை. கட்டைக் கைப்பிடியில் வெள்ளிப் பூவேலை, குழலெல்லாம் துரு. சுட்டால் சுடுகிறவன் கைதான் போகும். பார்த்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அபூர்வமான பொருள் கிடைத்தால் கூடப்பிறந்தவர் நினைவு வருவது இயற்கைதானே.

அண்ணன் சுபாவம் அப்படி. ஆயுத பூஜையன்று இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கலப்பை, கடப்பாரை, அண்ணியின் அரிவாள்மனை எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரு வருஷம் மூக்குப்பொடி டப்பாவுக்கும் பொட்டு வைத்தார்.

துப்பாக்கிகளை இருந்த இடத்திலேயே வைத்தேன். பலகையின் ஆணிகளை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, விதைநெல் வைக்கட்டும் என்று பெட்டியை அண்ணிக்குக் கொடுத்தேன். பண்டிகைக்குக் கழுவாமல் விட மாட்டார்கள். பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பொட்டிக்குள்ள இன்னா கீது பாருடா."

"ஐயோ, டேசன்ல குடுத்துடலாம்ணா," என்றேன். இப்படிச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"குடுக்கலாம். நாளிக்கிப் பூஜைய வெச்சிகினு இன்னிக்கி எப்படிக் குடுக்கறது? பொட்டு வெக்காத ஆயுதத்த ஊட்ட வுட்டு அனுப்பக் கூடாது. மறாநாளு நானே எத்துனு போறேன்."

அதற்குள் நான் உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரைப் பூஜைக்கு அழைத்திருந்தேன். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றாலே வெடிகுண்டுக் கட்சியோ என்று சர்க்கார் பயப்படுகிற காலம். அண்ணன் தம் கையாலேயே அவருக்குப் பொரி கொடுத்தார். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் இரண்டு துப்பாக்கிகளும் பூ வைத்துக்கொண்டு படுத்திருந்தன. இன்ஸ்பெக்டருக்கு மெல்லுவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் கிடைத்தவை என்று அண்ணனே சொன்னார்.

"பொட்டி ஏதுய்யா?" என்று அவர் கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னுதுதான் சாமி. தம்பிக்கு ஒண்ணியும் தெரியாது. அவன வுட்ருங்க," என்றார்.

நான் மறுத்திருப்பேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. கோர்ட்டிலும் அவர் அதையேதான் சொன்னார். இரண்டு வருஷம் போட்டார்கள். "நீயாச்சும் கூட கீறியே," என்று அண்ணி இன்றைக்கும் எனக்குக் குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறார். அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறேன்.

துரைக்காக ஏலம் கூவிய ஆள் என்னை அடையாளம் காட்டிவிட்டார் என்கிறீர்கள். காட்டட்டும். பெட்டி என்னுடையது, துப்பாக்கிகளைக் கண்டுபிடித்தவனும் நான், அண்ணனை மாட்டிவிட்டவனும் நான். அவர் குற்றமற்றவர். ஜெயிலில் அவருக்கு விடாத ஜுரம், நான் கையெழுத்துப் போட்டால் இன்றே ஆள் அனுப்பி வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்வேன் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது.

ஆனால் நாளை விடியற்காலை கருட சேவை, ஐயா. முதல் தோள் என்னுடையது. அண்ணன் ஜுரத்தோடு வந்தாலும் தண்டை விடமாட்டார். ஆகையால் கையெழுத்தை நாளை மறுநாள் போடுகிறேன். வேண்டுமானால் ஜெயிலுக்கு ஆள் அனுப்பி அவரையே கேட்டுப் பாருங்கள். தம்பிக்காக என்றால் அவர் மறுக்கவே மாட்டார்.