தாரகாவுக்கு மட்டும் பொருத்தம் இல்லை

பால் கலக்காத இந்தத் தே ஓ நன்றாக இருக்கிறது, அஹ்சன் சார். சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, போலீஸ் நிலையத்தில் இவ்வளவு உபசாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவில் நான் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு குலுங்குகிறது.

என் பெயர் யதீசன். தேக்காவில் இராசேஸ்வரி அம்மா நடத்தும், வரன் பார்த்துக் கொடுக்கும் கல்யாண நிலையத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வலைத்தளத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டினால், அந்த விண்ணப்பம் வரிசையில் போய் நிற்கும். பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை அதை எடுத்து, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமைக் கூப்பிடும். அது எங்களுடையது அல்ல, யாரோ ஒரு ஜோசியரிடம் வாங்கியது. அது சொல்லும் பதில் இரண்டு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் போய்விடும். மனிதர் கையே படாது. எல்லாம் நான் செய்த ஏற்பாடு, பெருமையாகவே சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னணி வேலையிடம் புரோகிராமின் பெயரை மட்டும்தான் சொல்லிவைத்திருந்தேன், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அது ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடி, அந்தப் பெயரில் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதை ஓட்டிவிடும். அதே பெயரில் குட்டியாக ஒன்று எழுதி முன்னால் உட்கார வைத்தேன். வருகிற ஜாதகங்களை எல்லாம் அது மரியாதையாக அசல் புரோகிராமிடம் தள்ளிவிடும். ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் தானே பதில் சொல்லும், பொருத்தம் இல்லை என்று. அந்தப் பெண் தாரகா. என் அக்கா.

கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அப்பா அம்மா போன பிறகு ஆங் மோ கியோ வீட்டில் நாங்கள் இருவர்தான். முதல் வரன் மெல்பர்னிலிருந்து வந்தது. அக்காவுக்குக் குளிரே ஒத்துக்கொள்ளாது, அங்கே போய் என்ன செய்வாள்? அதைத் தட்டிவிட மட்டும்தான் எழுதினேன். அடுத்தது இதே ஊரில் ஜூரோங். ஜூரோங்கும் தூரம்தானே சார், ரயில் மாற வேண்டும்.

அக்கா அழுதாள், இல்லை என்று சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தாள். கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போனேன், விளக்குக்கு எண்ணெயும் நானே வாங்கிக் கொடுத்தேன். பிறகு தோழிகளின் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "நான் போனா நல்லாருக்காது தம்பி, என் ராசி அப்படி," என்றாள். அதனால் சனி ஞாயிறு முழுக்க எங்களுக்கே கிடைத்தது. சோபாவில் சாய்ந்து சீரியல் பார்ப்போம். அடடா, என்ன ஜாலியான நாட்கள்.

அர்ஜுன் ஒருத்தன்தான் படாதபாடு படுத்தினான். அக்காவோடு வேலை பார்க்கிறவன். அவனுடைய அம்மாவின் திருப்திக்காக எங்களிடம் பதிந்தான், வழக்கம்போல இல்லை என்று போனது. ஆள் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். "பொருத்தம் இல்லாட்டி போகுது லா, நாங்க கட்டிக்கிறோம்," என்றான். அவன் அம்மா இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அந்தத் தடவைக்கென்று ஒரு வரி கூட்டினேன்: பெண்ணுக்கு மாங்கல்ய பலம் இல்லை, கட்டுகிறவன் உயிருக்கு ஆபத்து. அவன் பயப்படவில்லை, சார். அக்காதான் பயந்துவிட்டாள். "என்னால உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது," என்று அவளே அவனை அனுப்பிவைத்தாள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். போன மாதம் அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

எல்லாம் இனியாவால் கெட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். பழைய சர்வரை ஓரங்கட்டிப் புதியது வைத்தாள். கெட்டிக்காரி, புரோகிராம் இருக்கும் இடத்தை முழுசாக எழுதிவிட்டாள். அதோடு விடாமல், சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பழைய விண்ணப்பங்களை எல்லாம் மறுபடி ஓட்டினாள். வாட்ஸ்அப்பை நிறுத்திவைக்க மட்டும் மறந்துபோனாள். அவ்வளவுதான், அக்காவை இத்தனை வருஷமாகக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே மத்தியானத்தில் போய்விட்டது, 'உத்தமப் பொருத்தம், வாழ்த்துகள்' என்று. ஜூரோங்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மெல்பர்ன்காரரின் மாமியார் இராசேஸ்வரி அம்மாவை போனிலேயே கிழி கிழி என்று கிழித்தாராம். நான் மேசைக்கடியில் புகுந்துகொண்டு சிரித்தேன்.

அக்காவின் போனும் நிற்காமல் அடித்தது. கடைசியாக வந்தது அர்ஜுன் பெயர்.

நேரே கல்யாண நிலையத்துக்கு வந்தாள். பழைய சர்வரில் இருந்த என் குட்டி புரோகிராமை இனியா அவளுக்குத் திரையில் காட்டினாள். அக்கா கத்தவில்லை. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டாள். "ஒனக்காகத்தான்கா," என்றேன். வெளியே போய் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். என் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று உங்களிடம் சொன்னாளாமே, அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாளில் அவளே வந்து என்னைக் கூட்டிப்போவாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?