அக்காள் போட்ட விடுகதை

அப்போது ஜவ்வாது மலைமேல் பஸ் ஏறாது. அடிவாரத்தில் திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, புளிக்கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“பாவம் பாத்தே எங்க அக்காளக் கெடுத்துட்டோம்.”

“இன்னா பண்ணீங்க?”

“புளியில கொட்டை எடுக்கறப்ப கெழவிங்க எல்லாம் சுத்தி உக்காந்து, மொறை வெச்சு விடுகதை போடுவோம். அதாலதான் எங்க புத்தி மழுங்கல. அக்கா பதில் சொல்லத் தடுமாற ஆரம்பிச்சா. வெக்கப்படுவாளேன்னு அவ மொறையத் தாண்டிட்டோம். ரெண்டு வருசமா அவளக் கேக்கவேயில்ல.”

“இப்ப எப்பிடிக்கீறா?”

“நேத்து என்னக் காட்டி, ‘இது யாரு, சொல்லுங்க’ன்னா. அவளும் விடுகதை போட்றான்னு எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன். அவ மட்டும் பதிலுக்காக எங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா.”