கழுத்தளவு தண்ணீர்

எனக்கு நீந்தத் தெரியாது ஐயா; அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று சிரிப்பார்கள். சிறுவயதில் என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை, நான் என்ன செய்ய.

கலியாண வீடுகளில் படம் பிடிப்பது என் தொழில். இரண்டு வருடமாக, மனதுக்குப் பிடித்த இன்னொரு வேலையும் செய்துவந்தேன். நாளும் பொழுதும் நாம் வாயில் போட்டு மெல்லுகிற பேச்சுகளை அப்படியே படமாக்குவது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறோம் அல்லவா? என் மனைவி சுகந்தினி மடியில் தணல் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் சுட்டுத்தான் விட்டது. படம் நன்றாக வந்தது.

பதினொரு படம் முடிந்து ஒன்றுதான் பாக்கி. கையும் கட்டுண்டு கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன் என்பார்களே, அந்த மனிதன். நல்லரத்தினம் அண்ணனைக் கேட்டேன். நாற்பது வருடமாக வாவியில் வலை போடுகிறவர். படம் கொழும்பில் கண்காட்சிக்குப் போகும் என்றதும் சம்மதித்துவிட்டார். அவருடைய மகள் கம்சாயினி அங்கேதான் படிக்கிறாள். "மகள் கூட்டாளிமாரோட வந்து பாக்கட்டும் மனே" என்றார்.

மூன்று தரம் போனோம், மூன்று தரமும் படம் பிழையாகிப்போனது. முகத்தில் பயமே இல்லை. கழுத்தளவு தண்ணீர் அவருக்குச் சாய்வுநாற்காலி மாதிரி. கையைக் கட்டினால் அரை நிமிடத்தில் தானே அவிழ்த்துக்கொண்டு, "மறுகா என்ன செய்யிற?" என்று அடுத்ததைக் கேட்டுச் சிரிப்பார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு மனிதன் பயப்படவே மாட்டேன் என்று நின்றால் என்னதான் செய்வது?

ஆகவே முடிச்சை மாற்றினேன். வலைக்கம்புகளில் கயிறு நனைய நனைய இறுகும்படி ஒரு முடிச்சுப் போடுவார்கள். அவர் போடுவதைப் பார்த்துத்தான் பழகினேன்.

நாள் குறித்ததும் நான்தான். மழை வெள்ளம் ஏறி, முகத்துவாரத்து மண்திட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிற நாள். பத்து மணிக்கு வெட்டுகிறார்கள் என்று அன்று காலையில் கடையில் பேசிக்கொண்டார்கள். வெட்டினால் முகத்துவாரத்தை அண்டிய தண்ணீர் எல்லாம் கடலைப் பார்த்து இழுக்கும். அண்ணன் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார், செய்தி அவருக்கு எட்டவில்லை.

அவர் மனைவி சுலோஜனா அக்கா படலைவரை வந்து, "தம்பி, அவருக்கு இன்னும் உடம்பு தேறல்ல. கெதியா அனுப்பிப்போடுங்க" என்றார். ஓம், சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

தோணியில் போகும்போது அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"முகத்துவாரம் இண்டைக்கா வெட்டுற?"

"இல்லண்ணே, நாளைக்குத்தான்."

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை ஐயா. உண்மையைச் சொன்னால் அந்த முகம் வராது, அவ்வளவுதான்.

முகத்துவாரத்துக்குக் கிட்ட, தண்ணீரில் நட்டிருந்த ஒரு முளையில் தோணியைக் கட்டினோம். ஒன்பதே முக்காலுக்கு அவர் இறங்கி நின்றார். தோணியில் இருந்தபடியே குனிந்து, பின்புறமாகக் கையைக் கட்டினேன். வழக்கம்போல அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. "நல்லா இறுக்கிப்போட்டாய்" என்று சிரித்தார். பத்து மணி தாண்டியதும் தண்ணீர் அசைந்தது. காலடி மணலை அறுத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. முதலில் தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அப்போது விளங்கியிருக்கும். திட்டவில்லை. "மனே, கம்ப நீட்டு" என்றார். இரண்டு தரம் சொன்னார்.

அந்த நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கமெராவைப் பிடித்திருந்ததில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டது. நீந்தவும் தெரியாது. அறுபத்து மூன்று படம் எடுத்திருக்கிறேன்; கடைசி ஒன்பதில் தண்ணீர் மட்டும்தான். ஐம்பத்து நான்காவதைக் கம்சாயினியிடம் காட்டுங்கள். அப்பா மிக நன்றாக வந்திருக்கிறார்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனது, கட்டியது, பொய் சொன்னது எல்லாம் நான்தான். ஒன்றையும் மறுக்கவில்லை, கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தோணி ஊன்றுகிற கம்பு என் காலடியில்தான் கிடந்தது, நீட்டினால் அவருக்கு எட்டியும் இருக்கும். நீட்டியிருந்தால் அது படத்துக்குள் வந்திருக்கும்.