சிம்னிக்காக நிரப்பிய தோட்டாக்கள்

கருமருந்து சுட்ட துப்பாக்கியைக் கழுவக் கடையில் விற்கும் எந்த எண்ணெயும் வேண்டியதில்லை. கொதிக்கும் வெந்நீரும் துளி சோப்பும் போதும். ஆனால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று மூலையில் சாய்த்து வைத்தால் குழாய்க்குள் துரு பூத்துவிடும். சிம்னியிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நீ ஒரு ஆளு கழுவுறதே ஊருக்குப் போதும், டீக்கன்" என்பான். அவன் ரைஃபிள் அடுத்த போட்டிவரை வண்டியின் பின்பக்கத்தில் போர்வைக்கடியில் கிடக்கும். அப்படிக் கிடந்ததை எடுத்து வந்துதான் என்னை ஜெயிப்பான்.

இதை முதலில் சொல்லக் காரணம், நான் பொறாமைக்காரன் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதுதான். எனக்கு இருந்தது பொறாமை அல்ல. ஒழுங்காகச் செய்கிறவனுக்கு, ஒழுங்கில்லாதவனுக்கு எல்லாம் நடப்பதைப் பார்த்து வருகிற எரிச்சல். அது உங்களுக்கும் இருக்கும். ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இல்லாமல் போகாது.

என் பெயர் வெர்னன் புரூயிட். எங்கள் சுடுதளத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. துப்பாக்கிப் போட்டி நடத்தும் எங்கள் சங்கத்தில் சேரும்போதே ஒரு பட்டப்பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்க முடியாது. பழைய கௌபாய் காலத்துச் சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் சொந்தப் பெயர் வாசலோடு சரி. நான் டீக்கன். வெண்டல் ஸ்ட்ரௌட் என்பவன் சிம்னி. துப்பாக்கியிலிருந்து அவன் கிளப்புகிற புகைக்காக வந்த பெயர் அது. அந்தப் புகை என்னுடையது.

அதை விளக்கிவிடுகிறேன். மனைவி இறந்த பிறகு சிம்னி துல்சாவில் மகள் வீட்டோடு போய்விட்டான். மகள் கண்டிப்பானவள். "வெடிமருந்தெல்லாம் என் வீட்டுப் படி ஏறக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவன் தான் சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகளை ஒரு காபி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து என் கொட்டகை வாசலில் நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கும் சேர்த்து நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டா நிரப்புவதில் என் முறை ஒன்று உண்டு. கூடுகளைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மருந்தை நீளமான ஒரு பித்தளைக் குழாய் வழியாகச் சொரிவேன். உயரத்திலிருந்து விழுந்தால்தான் மணிகள் நெருங்கி உட்காரும். கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கக் கூடாது. இருந்தால் சுடும்போது துப்பாக்கிக் குழாய் புடைத்துக்கொள்ளும். அதனால் மெல்லிய அட்டை ஒன்று வைத்து, குண்டைக் கொஞ்சம் அழுத்தி உட்கார்த்துவேன். குண்டுக்குத் தடவும் பசை தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சேர்த்து நானே காய்ச்சியது. என்னுடையவை ஒரு தட்டில், சிம்னியுடையவை ஒரு தட்டில். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே கவனம். அவனுடையதில் ஒரு மணிகூட நான் குறைத்ததில்லை.

இப்படி நிரப்பியதில்தான் அவன் ஜெயித்தான். மாநிலப் போட்டியில் கருமருந்துப் பிரிவில் வெள்ளி பக்கிள் ஒன்று கொடுப்பார்கள், இடுப்பு வாரில் மாட்டுவது. முதல் வருடம் அவனுக்கு. மறுவருடமும் அவனுக்கு. நான் இரண்டாவது. ஒரே மேசையில் பிறந்த தோட்டா, அவன் கையில் மட்டும் ஜெயிக்கிறது. வெறும் அதிர்ஷ்டமா? காற்றில்லாத காலையில் புகை தரையோடு படுத்துக்கொள்ளும், முதலில் சுடுகிறவனுக்குத்தான் குறியாக நிறுத்திய இரும்புத் தட்டுகள் தெரியும். அவனுக்குத்தான் பெரும்பாலும் முதல் சீட்டு விழும். வரிசையைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினேன். துப்பாக்கி கழுவாதவர்களுக்குத் தண்டப்புள்ளி வைக்க வேண்டும் என்று எழுதினேன். எல்லாம் பத்தி பிரித்து, எண் போட்டு, பணிவாகத்தான். சங்கத் தலைவரின் பட்டப்பெயர் ஜட்ஜ். வெளியில் டயர் கடை வைத்திருக்கிறார். சுடுதளத்தில் பழைய மதுக்கடை போல மரத்தில் கட்டிய சலூனுக்கு முன்னால் என்னை நிறுத்தி, நாலு பேர் கேட்கச் சொன்னார்: "டீக்கன், உன் லெட்டர படிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டியே முடிஞ்சு போயிடுது. விளையாட வந்தமா, சுட்டமா, பீன்ஸ் தின்னமான்னு போவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிம்னிதான் சிரிக்காமல் என் தோளில் கை போட்டான். "விடுங்க ஜட்ஜ், அவன் எழுதலைன்னா இந்தச் சங்கத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லன்னு ஆயிடும்." அதற்கும் சிரித்தார்கள். எனக்கு ஆதரவாகச் சொன்னதாகத்தான் அவன் நினைத்திருப்பான்.

சென்ற வருடம் மூன்றாவது பக்கிளும் அவனுக்குப் போனது. அன்றைய விருந்தில் இறைச்சி சுட்டிருந்தார்கள், பெக்கான் பருப்புப் பலகாரம் இருந்தது. ஜட்ஜ் அவனை மேடைக்குக் கூப்பிட்டு, "இந்தப் புகையோட ரகசியத்தச் சொல்லுய்யா" என்றார். நான் கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்தேன். என் பெயரைச் சொல்லுவான், எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"ரகசியமா? உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? மருந்தோ, மக்காச்சோள மாவோ. நான் இழுக்கறேன், அது வெடிக்குது. மத்தது கர்த்தர் பாத்துக்கறார்."

மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள். பின்னால் தள்ளிய நாற்காலியை நான் முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவன் இறங்கி வந்து பக்கிளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "எப்படி நம்ம பேச்சு?" என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றேன்.

அன்று வண்டி ஓட்டி வரும்போது யோசித்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை என்று ஒருவன் நாலு பேர் நடுவில் சொல்கிறான். அப்படிப்பட்டவனுக்கு உள்ளே இருப்பதைப் பற்றி ஒருமுறை தெரிந்தால் நல்லதுதானே. இதில் கோபம் ஒன்றும் இல்லை. கோபத்தில் செய்திருந்தால் அன்றைக்கே செய்திருப்பேன். ஒரு வருடம் பொறுத்தேன். மறுபடி மாநிலப் போட்டிக்கு அவன் காபி டப்பாவோடு வந்தபோதும், இந்த வருடமாவது விருந்தில் ஒரு வார்த்தை சொல்வாயா என்று கேட்டுப்பார்த்தேன். "என்ன வார்த்தை?" என்றான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கருமருந்து வேறு, இந்தக் காலத்துப் புகையில்லாத மருந்து வேறு. கருமருந்து கூடு நிறையப் போட வேண்டிய பொருள். மற்றதை அந்த அளவு போட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும். இரண்டையும் ஒரே மேசையில்கூட வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது நான்தான். அந்த வகுப்புக்கு நல்ல பெயர் உண்டு. சிம்னியின் தட்டில் போட்டியின் கடைசிக் கட்டத்து ரைஃபிளுக்கென்று வைத்த பத்தில், ஒன்றில் மட்டும் மற்ற மருந்தைப் போட்டேன். எதில் என்று நானே தெரிந்துகொள்ளாதபடி கலந்து வைத்தேன். அது நியாயமாகப் பட்டது. ரைஃபிள் உடையும் என்று எதிர்பார்த்தேன். கையில் காயம்படலாம், ஒரு விரலோ இரண்டோ போகலாம். அந்த வயதில் விரல் போவது பெரிய நஷ்டமில்லை, அதுவும் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு. ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை கடைசிக் கட்டத்தில் எனக்குத் தோட்டா மேசைப் பொறுப்பு. வரிசையில் வருகிறவர்கள் அந்த மேசையில்தான் துப்பாக்கியில் தோட்டா ஏற்ற வேண்டும். எண்ணிக்கை சரிதானா, பாதுகாப்பாக ஏற்றுகிறார்களா என்று ஒருவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். சிம்னிக்கு முன்னால் நின்றது மூணு கழுதை என்கிற பெண். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், போன வசந்தத்தில்தான் சேர்ந்தாள். என் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவள். பையில் கைவிட்டுத் துழாவினாள். ரைஃபிள் தோட்டாப் பெட்டியை முந்தின கட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம். தோட்டா தீர்ந்தவன் வாய்விட்டுக் கேட்க விடமாட்டோம். கேட்கும்படி வைத்தால் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் அவமானம். அவள் நிமிர்வதற்குள் சிம்னி தன் பத்தை அவள் முன்னால் வைத்துவிட்டான்.

"இந்தா, ஏத்து. இன்னிக்கு ஒரு நாள் நீயும் கரி பூசிக்கோ."

"உங்களுக்கு வேணாமா சிம்னி?"

"வார்ல இன்னும் சொருகி வெச்சிருக்கேன் தாயே. இது நல்ல தோட்டா. சுட்டா ஊரே இருட்டாகும்."

"இருட்டாயிட்டா தட்டு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சத்தத்த வெச்சு, பட்டுடுச்சுன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினாள். நான் எதிரில் நின்று எண்ணினேன். பத்தும் சரியாக இருந்தது.

நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. கருமருந்து உன் ரைஃபிளைக் கெடுத்துவிடும் என்று ஒரு பொய் சொன்னாலே போதும். என் தோட்டாவை நீட்டியிருக்கலாம், வழக்கப்படி அதுவும் சரிதான். ஆனால் ஒருவர் என்ன தோட்டா போடுகிறார் என்பதில் மேசைப் பொறுப்பாளர் தலையிடுவதற்கில்லை, பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய. காரணம் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அதோடு, அந்தப் பத்தை வேறொருவருக்குக் கொடுத்தது நான் அல்ல. என் கணக்கில் அது வராது என்று அப்போது பட்டது.

அவள் சுடத் தொடங்கினாள். ஒவ்வொரு வேட்டுக்கும் இடையில் வாய் திறக்க நேரம் இருந்தது. நான் பக்கத்தில் நின்ற சிம்னியின் தோட்டாக்களை எண்ண ஆரம்பித்திருந்தேன், அது என் வேலை. ஆறு வேட்டு நன்றாகப் போயிற்று. நல்ல கனமான புகை. ஏழாவது சத்தம் வேறாக இருந்தது. புகை அப்படியே தொங்கியது, எதுவும் தெரியவில்லை. பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அடிச்சா பாரு புகை" என்று கைதட்டினார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டினார்கள். பிறகு புகை விலகியது.

ஆம்புலன்ஸ்காரர் அவள் பெயரைக் கேட்டார். அத்தனை பேர் நின்றோம், மூணு கழுதை என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. டார்லீன் ஃபௌட்ஸ் என்று நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். வகுப்பில் சேரும்போது சொந்தப் பெயரையும் நான் கேட்டு வைத்துக்கொள்வது வழக்கம். அந்த நேரத்தில் உதவியாக இருந்தது என்று ஜட்ஜ்கூடச் சொன்னார். வழியிலேயே அவள் உயிர் போய்விட்டதாக மதியம் தெரிந்தது. அதற்காக வருந்துகிறேன். நல்ல மாணவி.

நான் இங்கே வந்த காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை. மேசையில் என்ன பார்த்தாய் என்று கேட்டீர்கள், சொன்னேன், போகலாம் என்றீர்கள். திங்கட்கிழமை ஜட்ஜ் போன் செய்தார். அந்தத் தோட்டாவை நிரப்பியது யார் என்று நீங்கள் சிம்னியைக் கேட்டீர்களாம். "நான்தான் நிரப்பினேன், கண்ணு சரியில்ல, மருந்து மாறியிருக்கும்" என்று சொன்னானாம். என்னைச் சிக்கவைக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. அவனைக் கூட்டிப்போக மகள் வந்ததாகவும், அவன் சுடுதளத்துப் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றதாகவும் ஜட்ஜ் சொன்னார்.

அவன் நிரப்பியதாம். அந்தக் கையால் ஒரு கூட்டை நேராகப் பிடிக்கவும் அவனுக்கு வராது. ஒரு வருடமா இரண்டு வருடமா? மேடையில் நின்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன், இப்போது வாயைத் திறந்து சொல்லுகிற முதல் வார்த்தை அது. இரண்டு இரவு பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டாவில் மருந்தை மாற்றியது நான், தெரிந்தே, வெர்னன் புரூயிட். சிம்னிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. அவள் ரைஃபிளில் சுடாமல் நின்ற மூன்று தோட்டாக்கள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா, அவற்றை ஆய்வகத்தில் பிரிக்கும்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இம்மிகூட வித்தியாசம் இருக்காது. முடிவு வந்ததும் சங்கத்துக்கு ஒரு பிரதி போகட்டும்.